ட்ரெக்கிங் பாதை சீரமைக்கும் 'தன்னார்வ விடுமுறை'க்குப் பணம் கட்டப் போகிறீர்களா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மலைப்பாதைகளைச் சீரமைக்கும் தன்னார்வ விடுமுறை என்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்ட நினைத்தால், அந்தப் பாதை யார் பொறுப்பில் இருக்கிறது, நீங்கள் வேலை செய்ய வருவது அவர்களுக்குத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் அனுப்புங்கள். என்னோடு வந்த குழு முழுவதும் ஏமாந்தது இந்த இடத்தில்தான். புகார் கொடுத்திருக்கிறோம், விசாரணை நடக்கிறது. அதனால் ஏற்பாட்டாளர்களின் பெயரை இங்கே போடவில்லை.

தங்குமிடம், சாப்பாடு, கருவிகள், அனுபவமுள்ள வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் என்றுதான் விளம்பரம் சொன்னது. தன்னார்வலரிடம் பணம் வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் கருவிக்கும் செலவு உண்டு, நல்ல அமைப்புகளும் வாங்குகின்றன. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளம். 1937-ல் முழுமையடைந்த அந்தப் பாதையை இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் பராமரிக்கிறார்கள். மனிதர்கள் கூடி இப்படி ஒரு வேலையைச் செய்ய முடியும் என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த ஆர்வத்தை வைத்துப் பிழைக்கிறார்களே என்பதுதான் கோபம்.

முதல் நாள் காலை கருவிகளை ஒரு குவியலாகக் கொட்டினார்கள். குந்தாலிகளின் தலை பிடியில் நிற்காமல் ஆடியது. கோடரிகளில் கூர் இல்லை. ஹெல்மெட், கையுறை, கண்ணாடி எதுவும் கிடையாது. முறையாக நடத்துபவர்கள் வேலை தொடங்கும் முன் கருவிகளைப் பற்றித்தான் பேசுவார்கள்: தலை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கக் கூடாது, சரிவு இறங்கும் பக்கத்துக் கையில் தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும், ஓங்கும்போது பக்கத்து ஆளுக்கும் உங்களுக்கும் நடுவே மூன்று மீட்டராவது இருக்க வேண்டும். இதில் ஒரு வார்த்தைகூட எங்களிடம் சொல்லவில்லை. எனக்கு அடுத்து நின்ற பெண் ஓங்கியபோது குந்தாலித் தலை கழன்று சரிவில் உருண்டது. கீழே கல் பொறுக்கிக்கொண்டிருந்தவரின் தோளை ஒட்டிப் போனது. வழிகாட்டி என்று வந்த பையனிடம் முதலுதவிப் பெட்டி கேட்டோம். உள்ளே பிரித்துப் போட்ட பிளாஸ்திரி உறையும் காலி மருந்து பாட்டிலும் இருந்தன. பாவம், அவனுக்கு அந்த வேலையில் பயிற்சியே இல்லை. எங்களுக்குச் சமைப்பதற்கும் அவனைத்தான் அனுப்பியிருந்தார்கள். இத்தனைக்கும் அப்புறம் செயின்ஸாவை (மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம்) எடுத்து, யார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார் ஏற்பாட்டாளர். அமெரிக்க வனத்துறையின் காடுகளில் தன்னார்வலர் செயின்ஸாவைத் தொட வேண்டுமானால் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். கையால் இழுக்கும் பெரிய ரம்பத்துக்கும் அதே விதிதான்.

வேலையாவது உருப்படியாக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. மலைப்பாதையைக் கெடுப்பதில் தண்ணீருக்கு முக்கியப் பங்கு உண்டு. பாதை மேலேயே தண்ணீர் ஓடினால் மண்ணை அரித்துப் பள்ளமாக்கிவிடும், நடப்பவர்கள் பள்ளத்தைத் தவிர்த்து ஓரமாக மிதிப்பார்கள், பாதை அகன்றுகொண்டே போகும். அதனால் நடைத்தளத்தை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து விடுவார்கள். ஆங்காங்கே குறுக்கே தாழ்வு வெட்டி, தண்ணீரைச் சரிவுக்குத் திருப்பி விடுவார்கள். ஏற்கெனவே இருக்கும் வடிகால்களில் சேர்ந்த வண்டலை அள்ளிப் போடுவது பராமரிப்பில் முக்கியமான வேலை. எங்களுக்குக் கொடுத்த இடத்தில் பாதை முழங்கால் ஆழத்துக்கு அரித்திருந்தது. மேலே அடைத்துக்கிடந்த வடிகாலைக் காட்டிச் சொன்னோம், காதில் வாங்கவில்லை. பக்கத்து மேட்டை வெட்டி, பள்ளத்தில் கொட்டி, மிதித்துவிடச் சொன்னார்கள். அன்று இரவே மழை. காலையில் போய்ப் பார்த்தால் பள்ளம் பழையபடி கிடக்கிறது, நாங்கள் கொட்டிய மண் மொத்தமும் கீழே ஓடையில் கலங்கிக்கொண்டிருக்கிறது. மேட்டை வெட்டியதுதான் மிச்சம்.

அதற்கடுத்து எங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். புதுப்பாதை திறக்கிறோம் என்று இளம் மரங்களை வெட்டச் சொன்னார்கள். அது எங்கே போய் முடிகிறது என்று நடந்து பார்த்தவர்கள் வந்து சொன்ன பிறகுதான் புரிந்தது: ஏற்பாட்டாளர் வாடகைக்கு விடும் குடில்களின் பின்வாசலில். மதியம் ரேஞ்சர் வந்தார். யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். ஒரு துண்டுக் காகிதம்கூட ஏற்பாட்டாளரிடம் இல்லை. வேலையை நிறுத்தி, எங்கள் எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொண்டு போனார். காட்டுக்கு நல்லது செய்ய லீவு போட்டு வந்தவர்களை, காட்டை வெட்டியவர்களாக நிற்க வைத்துவிட்டார்கள். அந்த மரங்களை நினைத்தால் இப்போதும் மனது ஆறவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அது கட்டணம் அல்ல, நன்கொடை என்றார்கள். விளம்பரத்தில் கட்டணம், ரசீதில் நன்கொடை. காப்பீடு பற்றிக் கேட்டால், அடிபட்டால் நிறுவனம் பொறுப்பல்ல என்று நாங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தை நீட்டினார்கள். அமெரிக்க தேசியக் காடுகளில் 1972-ம் ஆண்டுச் சட்டத்தின்படி முறையாக ஒப்பந்தம் போட்டு வேலை செய்யும் தன்னார்வலருக்குக் காயம் பட்டால், அரசு ஊழியருக்குக் கிடைக்கும் இழப்பீடு கிடைக்கும். அனுமதி இல்லாத வேலையில் இப்படிப்பட்ட பாதுகாப்பு எதையும் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே பாதையின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினாலே விட்டுவிடலாம். சொன்னால், அந்தக் காட்டையோ பூங்காவையோ பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்து, இந்தத் தேதியில் இந்தக் குழு வருவது தெரியுமா என்று விசாரியுங்கள். குழுத் தலைவருக்கு முதலுதவிப் பயிற்சி உண்டா, யாருக்காவது அடிபட்டால் எப்படிக் கீழே இறக்குவார்கள் என்பதையும் கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்களிடம் இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்களுக்கு வந்த விளம்பரம் புகாருக்குப் பின் மாற்றப்பட்டுவிட்டது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே புகார் பதியுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. எங்களைப் போல ஏற்கெனவே போய் வந்தவர்கள், எந்த இடத்தில் என்ன வெட்டச் சொன்னார்கள் என்று தேதியோடு எழுதி, போட்டோக்களுடன் அந்த வன அலுவலகத்துக்குக் கொடுங்கள்.