ஹெட் கேஸ்கெட் போச்சு என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

என் காரில் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர வைக்கும் திரவம், வாராவாரம் இறங்கிக்கொண்டே இருந்தது. வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "கொஞ்சம் குறையத்தான் சார் செய்யும்" என்று வெறும் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டார்கள். சில வாரங்களிலேயே இவ்வளவு குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் பொருள். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒரு மேட்டில் ஏறும்போது என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தேன். அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன், நல்லவேளை, கூட இருந்தவர் கையைப் பிடித்துவிட்டார். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

மறுபடி அதே ஒர்க்‌ஷாப். அது என் தப்பு. "தெர்மோஸ்டாட் மாட்டிக்கிச்சு, புதுசு போட்டாச்சு" என்றார்கள். என்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. நான் கேட்காமலேயே பழையதைக் கையில் கொடுத்தார்கள். நானும் நம்பி பில்லைக் கட்டினேன்.

அப்புறம் வண்டி சூடேறவே நெடுநேரம் பிடித்தது, மைலேஜும் குறைந்தது. கூலன்ட் மட்டும் பழையபடி இறங்கியது. மூன்றாவது தடவை போனபோது, "ஹெட் கேஸ்கெட் போச்சு சார், என்ஜினைப் பிரிக்கணும்" என்றார்கள். என்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே, புகையும் கூலன்டும் கலக்காமல் அடைக்கும் தகடு அது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இருபது வருஷ அனுபவம்" என்று பதில் வந்தது. காற்றடித்து ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் பிரஷர் டெஸ்ட் செய்து பார்க்கலாமா என்றதற்குச் சிரித்தார்கள்.

வண்டியை வேறு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஆறிய என்ஜினில், ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் போட்டிருந்த அளவுக்கு, சுமார் 1 பார், காற்றடித்தார். சற்று நேரத்தில் மீட்டர் முள் இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையிலிருந்து சொட்டுச் சொட்டாக வருகிறது. பம்பின் சீல் தேய்ந்தால் அங்கேதான் ஒழுகுமாம், அதற்காகவே வைத்த துளை அது. ஹெட் கேஸ்கெட்டுக்கும் ஒரு சோதனை செய்தார். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை ஒரு நீல திரவத்தின் வழியே இழுத்தார். என்ஜின் புகை கலந்திருந்தால் மஞ்சளாக மாறுமாம். நீலமாகவே இருந்தது. பம்பை மாற்றினார், ஒழுக்கு நின்றது. பிரித்திருந்தால் நல்ல கேஸ்கெட்டை அல்லவா பிரித்திருப்பார்கள்!

வந்ததுதான் வந்தோம் என்று தெர்மோஸ்டாட் மூடியையும் கழற்றினார். உள்ளே காலி. பழையதை எடுத்து என்னிடம் கொடுத்தார்களே தவிர, புதியது போடவே இல்லை! ஆகவே பழைய பாகத்தைக் கேட்டு வாங்கினால் மட்டும் போதாது, புதியதைப் பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள். என்ஜினைப் பிரிக்கும் முன் அந்த இரண்டு சோதனைகளையும் உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பில்லோடு திரும்பப் போய்க் கேட்டேன். "வால்வு இல்லாம ஓட்டினா வண்டி கூலா இருக்கும் சார், உங்க நல்லதுக்குத்தான் எடுத்தோம்" என்றார்கள். அப்படியானால் பில்லில் புதிய தெர்மோஸ்டாட் எப்படி வந்தது என்றேன். பில் போடும் பையன் தெரியாமல் போட்டுவிட்டானாம். பணம் இன்னும் வரவில்லை.