ஃபார்முலா 1-உம் இண்டிகாரும்: புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகருக்கு வெளியே ஐந்தரைக் கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் ஓடுதளம் உள்ளது. 2019 மார்ச்சில் அங்கு நடந்த, அமெரிக்கப் பந்தயத் தொடரான இண்டிகாரின் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த வில் பவர் ஒரு சுற்றை 1 நிமிடம் 46.017 நொடியில் முடித்தார். அதே ஆண்டு நவம்பரில், அதே தளத்தில், ஃபார்முலா 1 காரில் வால்டேரி போட்டாஸ் எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 32.029 நொடி. அரை நொடி பின்தங்கினாலே கடைசி வரிசைக்குப் போய்விடக்கூடிய விளையாட்டில் 14 நொடி என்பது மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி. ஆனால் அந்த 'மெதுவான' இண்டிகார்தான் 2024இல் இண்டியானாபொலிஸின் ஓவல் என்னும் நீள்வட்டத் தளத்தில், ஸ்காட் மெக்லாக்லின் கையில், நான்கு சுற்றுகளின் சராசரியாக மணிக்கு 376.9 கிலோமீட்டர் ஓடியது. எந்த ஃபார்முலா 1 தளத்திலும் அத்தகைய சராசரி வேகத்துக்கு இடமில்லை. ஆகவே எந்தக் கார் வேகமானது என்று கேட்பதைவிட, எந்த விதிப் புத்தகம் எதை வேண்டுகிறது என்று கேட்பதே பயன்தரும்.

இரண்டுமே ஒற்றை இருக்கையும், உடற்கூட்டுக்கு வெளியே திறந்து நிற்கும் நான்கு சக்கரங்களும் கொண்ட கார்கள். ஒரு காரின் சக்கரம் இன்னொன்றின் சக்கரத்தின் மீது ஏறினால் கார் அப்படியே மேலே எகிறும் என்பதால், இங்கே உரசல் சாதாரண விஷயமல்ல. ஒற்றுமை ஏறக்குறைய இவ்வளவுதான்.

அடிப்படை வேறுபாடு காரை யார் செய்கிறார்கள் என்பதில் தொடங்குகிறது. ஃபார்முலா 1இல் ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வடிவமைக்க வேண்டும். சில பாகங்களை மற்றோர் அணியிடம் வாங்கலாம் என்றாலும் (ஹாஸ் அணி ஃபெராரியிடம் வாங்குவதைப் போல), காற்றை வளைத்துத் தரையோடு காரை அழுத்தச் செய்யும் வெளிவடிவம் சொந்த உழைப்பாகவே இருக்க வேண்டும். அதனால்தான் அங்கே ஓட்டுநருக்கு ஒரு பட்டமும் காரைக் கட்டிய அணிக்கு ஒரு பட்டமும் தனித்தனியே உண்டு. செலவு எல்லை மீறிப் போனதால் 2021இல் ஆண்டுக்கு 14.5 கோடி டாலர் என்ற உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. வரம்பே அவ்வளவு என்றால் அதற்கு முன் பெரிய அணிகள் எப்படி இறைத்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இண்டிகாரில் எல்லோருக்கும் ஒரே சேசிஸ், அதாவது காரின் அடிப்படை உடற்கூடு. இத்தாலியின் டல்லாரா நிறுவனம் செய்யும் அந்தக் காரின் பெயர் டிடபிள்யூ12. அதைச் சோதித்து ஓட்டியவரும், அது களத்துக்கு வருமுன் 2011 அக்டோபரில் லாஸ் வேகஸ் ஓவலில், முன்னால் சென்ற காரின் மீதேறி எகிறி உயிரிழந்தவருமான டான் வெல்டனின் முதலெழுத்துகள் அவை. 2012இல் வந்த அந்தச் சேசிஸ்தான், பலமுறை மேம்படுத்தப்பட்டு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சினுக்கு ஹோண்டா, செவ்ரோலெட் என்று இரண்டே வாய்ப்புகள். ஆனால் எல்லாம் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்: சக்கர அதிர்வை அடக்கும் டாம்பர்களை மட்டும் அணிகள் தாமே உருவாக்கிக்கொள்ளலாம். தெருக்களை அடைத்து நடத்தும் பந்தயங்களில், மேடுபள்ளத்தின்மேல் ஒரு கார் வழுக்கிக்கொண்டும் இன்னொன்று துள்ளிக்கொண்டும் போவதில் அந்த ரகசியத்துக்குப் பெரிய பங்குண்டு.

எஞ்சின் விஷயத்தில் ஃபார்முலா 1 வெகுதூரம் முன்னே போய்விட்டது. 2014 முதல் அங்கே ஆறு சிலிண்டர் கொண்ட, காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் 1.6 லிட்டர் வி6 டர்போ எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தே இயங்குகிறது. 2026 விதிகளில் அந்த மோட்டாரின் திறன் 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டாக உயர்ந்து, காரின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி மின்சாரமாகிவிட்டது. இண்டிகாரில் 2.2 லிட்டர் இரட்டை டர்போ வி6. 2024 சீசனின் நடுவில்தான் மின்துணை சேர்ந்தது, அதுவும் பேட்டரிக்குப் பதிலாக நொடிகளில் நிரம்பிக் காலியாகும் சூப்பர் கெபாசிட்டரைக் கொண்டு.

முந்திச் செல்ல உதவும் ஏற்பாட்டைப் பார்த்தால் இரு விளையாட்டுகளின் மனப்போக்கும் தெரிந்துவிடும். 2011 முதல் 2025 வரை ஃபார்முலா 1இல், முன்னால் செல்பவரை ஒரு நொடிக்குள் நெருங்கியவர் மட்டும் பின் இறக்கையைத் திறந்து காற்றின் தடையைக் குறைத்துக்கொள்ளலாம். முன்னால் செல்பவருக்கு அந்த வசதி கிடையாது. 2026 முதல், குறித்த நேர்ப்பாதைகளில் எல்லோருடைய முன், பின் இறக்கைகளும் தட்டையாகின்றன. நெருங்கி வருபவருக்குக் கூடுதல் மின்னாற்றல் கிடைக்கிறது. இண்டிகாரின் சாலைத் தளங்களிலோ ஒவ்வொருவருக்கும் பந்தயம் முழுவதற்குமாக இத்தனை நொடிகள் என்று கூடுதல் டர்போ அழுத்தம் ஒதுக்கப்படுகிறது. அதைத் தாக்கவும் செலவழிக்கலாம், தற்காக்கவும் செலவழிக்கலாம். சேமித்து வைத்தவரும் ஊதாரியும் கடைசிப் பத்துச் சுற்றுகளில் எதிரெதிரே வரும்போது ஏற்படும் பதற்றம் எனக்கு இறக்கை திறப்பதில் ஒருபோதும் கிடைத்ததில்லை.

ஓவல் தளம் ஃபார்முலா 1இல் இல்லாத தனி உலகம். இடப்பக்கம் மட்டுமே திரும்பிக்கொண்டிருப்பதில் என்ன திறமை என்று புதியவர்கள் கேட்பது இயல்பு. அங்கே காரையே கோணலாகத்தான் தயார் செய்கிறார்கள்: வலப்பக்கப் பின்டயர் இடப்பக்கத்தைவிடச் சற்றே பெரிய விட்டம் கொண்டதாக இருப்பதால், கார் தானாகவே இடப்பக்கம் இழுக்கும், நேர்ப்பாதையில் ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சற்று வலப்புறம் பிடித்துக்கொண்டே போக வேண்டும். எரிபொருள் குறைந்து, டயர் தேயத் தேயக் காரின் சமநிலை மாறும்போது, இருக்கையில் இருந்தபடியே ஒரு கருவியால் எடைப் பகிர்வைத் திருத்திக்கொள்கிறார்கள். ஃபார்முலா 1 காரில் பவர் ஸ்டியரிங் உண்டு, இண்டிகாரில் இல்லை. இந்த ஒரு வரியின் கனம் ஓட்டுநர்களின் தோள்களுக்குத்தான் தெரியும்.

பந்தயத்தின் நடுவே கார் தன் அணியிடம் வந்து நிற்கும் பிட் ஸ்டாப்பிலும் இரண்டும் வேறு வேறு. 2010 முதல் ஃபார்முலா 1 பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பத் தடை உள்ளதால், இருபது பேர் சூழ்ந்து நின்று டயர் மாற்றும் வேலை இரண்டு மூன்று நொடிகளில் முடிகிறது. 2023இல் கத்தாரில் மெக்லாரன் அணி 1.80 நொடியில் முடித்தது. இண்டிகாரில் ஆறேழு பேர்தான் தடுப்புச் சுவரைத் தாண்டி வரலாம், எரிபொருளான எத்தனாலையும் நிரப்ப வேண்டும். அதனால் நிறுத்தம் நீள்கிறது. ஆனால் எப்போது நிரப்புவது, எவ்வளவு சிக்கனமாக ஓட்டுவது என்ற கணக்கால், பின்வரிசையில் இருந்தவரும் திடீரென்று முன்னணிக்கு வந்துவிட முடிகிறது.

ஓட்டுநரின் தலையைக் காக்க ஃபார்முலா 1 2018இல் 'ஹேலோ' என்ற டைட்டானியம் வளையத்தைக் கட்டாயமாக்கியது. 2020இல் பஹ்ரைனில் இரும்புத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு தீப்பற்றிய காரிலிருந்து ரொமான் குரோஜான் உயிரோடு வெளியேறியது அதன் புண்ணியம். 2015இல் பறந்துவந்த உடைசல் தலையில் மோதி ஜஸ்டின் வில்சனை இழந்திருந்த இண்டிகார், 2020இல் வளையத்தோடு கண்ணாடி போன்ற தடுப்பையும் சேர்த்தது. ஓவலின் வேகத்துக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

இரு உலகங்களும் உரசிக்கொண்ட ஒரு நாளும் உண்டு. 2005இல் இண்டியானாபொலிஸில் ஃபார்முலா 1 நடந்தபோது, ஓவலின் சாய்ந்த வளைவொன்று பாதையில் சேர்ந்திருந்தது. அந்தச் சாய்வின் சுமையை மிஷலின் டயர்கள் தாங்குமென்ற உத்தரவாதமில்லாததால், அவற்றைப் பூட்டியிருந்த 14 கார்களும் தொடக்கத்துக்கு முன்பே பிட்டுக்குள் ஒதுங்கிவிட, ஆறு கார்கள் மட்டும் ஓடின. அந்த ஆறில் ஒன்றை ஓட்டி நான்காவதாக வந்தவர் நம் கோவையின் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா 1இல் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

எதில் தொடங்கலாம்? காரின் வடிவமும் இயந்திரமும் ஈர்க்கிறதென்றால் ஃபார்முலா 1தான். ஆனால் பந்தயத்தைப் பார்க்கப் பழகவேண்டுமென்றால் இண்டிகாரைச் சொல்வேன், ஏனெனில் அங்கே சிறந்த கார் யாரிடம் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுவதில்லை. ஃபார்முலா 1இல் 97 பந்தயங்கள் ஓட்டியும் ஒருமுறைகூட முதல் மூன்றிடத்துக்குள் வராத மார்கஸ் எரிக்சன் 2022இல், இண்டியானாபொலிஸ் ஓவலில் நடக்கும் 500 மைல் பந்தயமான இண்டி 500-ஐ வென்றார். இருமுறை உலகப் பட்டம் வென்ற ஃபெர்னாண்டோ அலோன்சோ, 2019இல் அதே பந்தயத்துக்கான 33 இடங்களில் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாமல் ஊர் திரும்பினார்.