'திருக்கடையூர் வேன்': ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் பத்து வருடம் அட்மினாக இருந்த அனுபவம்

ஸ்கூட்டர் வாங்கி ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர்கள், வாஷிங் மெஷினை ஏழு வருடம் சுழற்றியவர்கள் எல்லாம் அனுபவம் எழுதுகிறார்கள். நான் அதிகம் ஓட்டியது ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவைத்தான். 2015 ஆகஸ்டில் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கோவில்பட்டியிலிருந்து வேன் பிடித்தோம், யார் யார் வருகிறார்கள் என்று கணக்கெடுக்க ஒரு குழு ஆரம்பித்தேன், பெயர் 'திருக்கடையூர் வேன்'. வேனில் பதினேழு சீட். குழுவில் இன்று அறுபத்தெட்டுப் பேர், பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழு உண்மையிலேயே ஒரு முறை உயிருக்கு உதவியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அத்தை மகன் முடிச்சூரில் மாட்டிக்கொண்டான். அடையாறு ஊருக்குள் வந்துவிட்டது, கரண்ட் இல்லை, அவன் போனில் சார்ஜ் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ போட்ட ஒரு வரி, நாலு கை மாறி எங்கள் குழுவுக்கு வந்தது: இரண்டாவது மாடியில் பத்திரமாக இருக்கிறார்கள், பால் பவுடர் வேண்டும். அன்று அத்தை அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்திருப்பாள் என்று தெரியாது. அதே நாளில்தான் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் நீந்துகின்றன என்றும், நாசா பெருமழை எச்சரிக்கை விட்டிருக்கிறது என்றும் வந்தது. இரண்டும் பொய். ஆனால் அந்த வாரத்தின் பெரிய தப்பு என்னுடையது. படகு உதவிக்கு என்று வந்த நம்பர் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு பதினைந்து குழுக்களுக்குத் தள்ளிவிட்டேன். மறுநாள் நானே அதில் ஒரு நம்பருக்கு அடித்தேன், எடுத்த பையன் குரலே வெளியில் வரவில்லை. "அண்ணே, படகு முந்தாநாளே திரும்பிடுச்சு, காலைலேர்ந்து நூறு பேர் கூப்பிட்டாச்சு, யாருண்ணே இதை இன்னும் அனுப்புறது?" என்றான். நான்தான் என்று சொல்லவில்லை. வைத்துவிட்டேன்.

அடுத்த வருடம் எங்கள் பெரியவர்களுக்குப் புத்தி கெட்ட வருடம் என்று நினைத்தேன், இப்போது அப்படி நினைப்பதில்லை. 2016 செப்டம்பர் 22ஆம் தேதி ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து தினம் ஒரு ஆடியோ வந்தது. எல்லாம் "என் ஃபிரண்டோட சித்தப்பா அங்கே டாக்டர்" ரகம். வதந்தி பரப்பியதாகப் போலீஸ் சிலரைக் கைது செய்தது, அதற்கப்புறமும் நிற்கவில்லை. நான் குழுவில் பெரிய மனுஷன் மாதிரி, டிவியில் வந்தால் மட்டும் நம்புங்கள் என்று எழுதினேன். டிசம்பர் 5 சாயங்காலம் டிவியிலேயே வந்தது. தமிழ்ச் சேனல்கள் பல அவர் இறந்துவிட்டதாகப் போட்டன, கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது, மருத்துவமனை மறுத்ததும் திரும்ப ஏறியது. இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்தது என்று நள்ளிரவு தாண்டித்தான் அறிவித்தார்கள். "டிவியை நம்பச் சொன்னியே" என்று பெரியப்பா ஒரு வரி போட்டார், என்னிடம் பதில் இல்லை. அதற்கு முந்தின மாதம் புது 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் சேட்டிலைட் கண்டுபிடித்துவிடும் என்ற கதையை ஃபார்வர்டுகள் மட்டுமா சொன்னது, கோட்டுப் போட்டவர்கள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து விளக்கினார்கள்.

பெரியப்பா தபால் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். காலையில் பேப்பர் வராவிட்டால் காப்பி இறங்காது. அவர் காலத்தில் ஒரு விஷயம் அச்சில் வர வேண்டுமென்றால் நிருபர், உதவி ஆசிரியர், அச்சுக் கோப்பவர் என்று நாலு பேர் கண்ணில் பட்டுத்தான் வரும், அதனால் எழுத்து மேல் ஒரு மரியாதை. அந்த மரியாதையைத்தான் இந்த நியூஸ் கார்டு தின்றுவிட்டது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம்: ஒரு தலைவர் படம், சேனல் லோகோ, மூன்று வரி, தேதி. சேனல்கள் தாங்களே இந்த வடிவத்தைப் பிரபலமாக்கின, கட்சிக்காரப் பையன்கள் அதே அச்சில் இட்லி ஊற்றக் கற்றுக்கொண்டார்கள். சேனல் பக்கத்தில் "இது நாங்கள் வெளியிட்டது அல்ல" என்று சிவப்பில் முத்திரை குத்திய மறுப்பு வருவதற்குள் பொய் கார்டு ஊர் சுற்றி முடித்திருக்கும். மறுப்பை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை, எங்கள் குழுவில் நான் போட்டது தவிர ஒன்றுகூட வந்ததாக ஞாபகம் இல்லை. எழுத்துரு லேசாக வேறாக இருக்கும், ல-ள குழப்பம் இருக்கும், தேதி இருக்காது, இப்படிக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டேன். பழகியதும் வந்தது தலைக்கனம். யூடர்ன் மாதிரியான உண்மை சரிபார்க்கும் பக்கங்களின் லிங்கை எடுத்து, காலை ஆறு மணிக்கு வந்த கார்டுக்குக் கீழே ஆறு ஐந்துக்கு ஒட்டுவேன்.

ஒரு நாள் பெரியப்பா குழுவை விட்டே வெளியேறினார்.

பெரியம்மா போனில் சொன்னது இது: "நீ சொன்னது சரியாவே இருக்கட்டும்டா, சம்பந்தி வீட்டாளுக எல்லாம் இருக்கிற இடத்துல வச்சா சொல்லுவ?" அப்போதுதான் உறைத்தது. நான் பொய்யை அடிக்கவில்லை, மருமகன்கள் முன்னால் ஒரு அறுபது வயசுக்காரரை அடித்திருக்கிறேன். நேரில் போய் ஒரு காப்பி குடித்துத் திரும்பச் சேர்த்தேன். அதிலிருந்து குழுவில் லிங்க் போடுவதை நிறுத்தினேன். எதுவாக இருந்தாலும் தனியாகப் போன் பண்ணிச் சொல்வது, அதுவும் "பெரியப்பா, இதை உங்களுக்கு அனுப்பினது யாரு?" என்று கேட்பது. தப்பு என்று நான் சொல்வதில்லை. பாதி நேரம் அவரே, "ரிட்டயர்டு ஆளுக குரூப்புல வந்துச்சு, அவனுக்கு யாரு குடுத்தானோ" என்று இழுப்பார். இது மெதுவான வேலை, ஒரு கார்டுக்கு இருபது நிமிடம் ஆகும், நடுவில் முட்டிவலிக் கதையும் உண்டு.

ஆனால் 2018 மே மாதம் போன் பண்ணிப் பேச நேரம் இருக்கவில்லை. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு வீடியோ, பைக்கில் வந்த இருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம் அது. கடைசியில் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு ஒரு வாசகம் காட்டும் பகுதியை வெட்டிவிட்டு இந்தியா முழுக்கச் சுற்றவிட்டார்கள். எங்கள் குழுவில் சித்தி போட்டாள், "பிள்ளைகளை வெளியே விடாதீங்க" என்று அன்போடுதான். அதே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு வயதான அம்மா வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார், ஊர் கூடி அடித்தே கொன்றுவிட்டது. நாங்களும் குலதெய்வம் கோயிலுக்குப் போனால் வழியில் நிறுத்தி வழி கேட்போம், குழந்தை இருந்தால் மிட்டாய் கொடுப்போம். சித்தி அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அந்த வீடியோவை எப்படி அழிப்பது என்று எனக்குப் போன் பண்ணினாள். அழிக்க முடியாது சித்தி, போய்விட்டது என்றேன்.

அந்த ஜூலையில்தான் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று இந்தியாவுக்கு வரம்பு வந்தது, 'ஃபார்வர்ட் செய்யப்பட்டது' என்ற அடையாளமும் அப்போதுதான். 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறியதை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் என்று இறுக்கினார்கள். பயன் இருந்ததா என்றால், இருந்தது, கொஞ்சம். சோம்பேறிகளைத் தடுத்தது. எங்கள் மாமா ஒருவர் சோம்பேறி அல்ல, ஒவ்வொரு குழுவாகத் திறந்து காப்பி செய்து ஒட்டுவார், ஒட்டினால் அந்த இரட்டை அம்புக்குறியும் மறைந்துவிடும். 'அட்மின் மட்டும் எழுதலாம்' என்று பூட்டும் வசதியை 2024 ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவுக்கு முந்தைய இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன். 'திருக்கடையூர் வேன் 2' என்று ஒன்று உருவாகியிருந்தது, நான் இல்லாமல்.

சங்கடமான இடம் கொரோனா. கைதட்டினால் அதிர்வில் வைரஸ் சாகும் என்பதற்கெல்லாம் சிரித்துக்கொண்டோம். அப்புறம் பழ வண்டிக்காரர் எச்சில் தொடுவதாக ஒரு பழைய வீடியோ, மதத்தின் பெயரோடு வந்தது. எங்கள் தெருவில் பழ வண்டி தள்ளும் பாய், எங்கள் அம்மாவுக்கு முப்பது வருடப் பழக்கம், தீபாவளிக்கு முறுக்கு போகும், ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி வரும். அந்த வாரம் அம்மா அவரிடம் வாங்கவில்லை. நம்புகிறாயா என்று கேட்டேன். "நம்பலை, ஆனா வந்துருச்சே" என்றாள். அந்தப் பதிலுக்கு எந்த லிங்க்கும் கிடையாது. வேறு யாரோ ஒருவரைப் பற்றி வந்திருந்தால் நானும் தாண்டிப் போயிருப்பேன். பாய் என்பதால் இன்னும் உறுத்துகிறது. பத்து நாள் கழித்து அவளே போய் வாங்கினாள், அவர் எதுவும் கேட்கவில்லையாம், இரண்டு வாழைப்பழம் கூடப் போட்டாராம்.

நான் வேலை பார்ப்பது திருப்பூரில், ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில். 2023 மார்ச்சில் செக்கிங் செக்‌ஷன் பாதி காலி. வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள் என்று வீடியோ சுற்றியது. அதில் ஒன்று பீகார் ஆட்களே இரண்டு கோஷ்டியாகத் தங்களுக்குள் அடித்துக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தகராறு என்று அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு விளக்கம் கொடுத்தார், பீகார் அரசும் குழு அனுப்பிப் பார்த்தது. எங்கள் கட்டிங் மாஸ்டர் பீகார் பையன், போனை என்னிடம் நீட்டினான். அவனுடைய குடும்பக் குழு. எழுத்து இந்தி, படிக்கத் தெரியாவிட்டாலும் எனக்கு எல்லாம் புரிந்தது: ஒரு சித்தி, ஒரு பெரியப்பா, கைகூப்பும் பொம்மை, "உடனே வா" என்று அவன் அம்மாவின் ஆடியோ. அதே வாரம் எங்கள் குழுவில் 'வடக்கன் வந்து ஊரைப் பிடித்துவிட்டான்' என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கு அவனைக் கண்டு பயம், அவன் ஆட்களுக்கு எங்களைக் கண்டு பயம். அவன் டிக்கெட் போட்டுவிட்டான், தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எனக்கு ஒரு கட்சி பிடிக்கும், எது என்பது இங்கே வேண்டாம். எனக்குப் பிடிக்காத கட்சித் தலைவர் சொன்னதாக ஒரு முட்டாள்தனமான கார்டு வந்தால் என் கை லிங்க் தேடாது. சிரித்துவிட்டு மேலே தள்ளிவிடுவேன். மச்சான் ஒருவன்தான் பிடித்தான்: "அத்தான், நீங்க உங்க ஆளைப் பத்தினதுக்கு மட்டும் தனியா போன் பண்றீங்க." அவன் மூன்று கார்டுகளைத் தேதியோடு அனுப்பினான், மூன்றும் போலி, மூன்றையும் நான் பார்த்த நீல டிக் இருந்தது.

இப்போது வேறு மாதிரி வர ஆரம்பித்திருக்கிறது. 2024 ஜனவரியில் ஒரு விழா மேடையில் கலைஞர் செயற்கை நுண்ணறிவில் வந்து பேசினார், பிப்ரவரி 24 பிறந்தநாளுக்கு ஜெயலலிதா குரலை அதே வழியில் அதிமுக வெளியிட்டது. இரண்டும் கட்சிகளே செய்தது, ஒளிக்கவும் இல்லை. அத்தை அந்தக் குரலைக் கேட்டு அழுதுவிட்டாள். பொய் என்று தெரியுமே என்றேன். "தெரியும், இருந்தாலும் அந்தக் குரல்டா" என்றாள். இதற்கு எழுத்துருவும் இல்லை, ல-ள பிழையும் இல்லை, நான் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன்?

ஒரே ஒரு விஷயம் குழுவில் கொஞ்சம் பயத்தைக் கிளப்பியது, அது எஸ்.வி.சேகர் வழக்கு. பெண் பத்திரிகையாளர்களை இழிவாகச் சொன்ன ஒரு பதிவை 2018இல் பகிர்ந்தார், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். பகிர்ந்தாலே ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது. அந்தச் செய்தியை நான் போடவில்லை, மாமாவே போட்டார், ஒவ்வொரு குழுவாகக் காப்பி செய்து ஒட்டி. ஒரு வாரம் குட் மார்னிங் பூவும் முருகன் படமும் மட்டுமே வந்தன.

அம்மா இப்போதெல்லாம் எதையும் குழுவில் போடுவதற்கு முன் எனக்குத் தனியாக அனுப்பி, "போடவா?" என்று கேட்கிறாள். சில சமயம் நான் ஆபீஸ் வேலையில் பதில் போட மறந்துவிடுகிறேன், அவளும் போட்டுவிடுகிறாள்.

இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் கோவில்பட்டியில் கூடியிருந்தபோது, பத்து வருடம் ஆகிவிட்டது, யாராவது அட்மின் பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள் என்று குழுவில் கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் உட்பட நாற்பத்தொரு பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.