மூணு வருஷமா எண்ட்ஸ்வித்தோட குடும்பம் நடத்துறேன்

பைத்தான்ங்கிற ப்ரோக்ராம் மொழில எண்ட்ஸ்வித்னு ஒரு மெத்தட், அதாவது ரெடிமேட் கட்டளை. ஒரு ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர், இந்த எழுத்துகள்ல முடியுதான்னு கேட்டா ட்ரூ இல்ல ஃபால்ஸ்னு பதில் சொல்லும், அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. இதுக்கெல்லாமா அனுபவம் எழுதுவாங்கன்னு தோணும். நான் ப்ரோக்ராமர் இல்லங்க, பி.காம் முடிச்சுட்டு மும்பைல மஸ்ஜித் பந்தர் பக்கம் ஒரு ஷிப்பிங் டாக்குமெண்ட் ஆபீஸ்ல இருக்கேன், செம்பூர்ல ஏறி குர்லா நெரிசல்லாம் தாண்டி ஒரு கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஃபோன்ல பாத்துப் பாத்துதான் பைத்தான் கத்துக்கிட்டேன். கத்துக்கிட்டதுல இன்னைக்கு வரைக்கும் தினமும் யூஸ் ஆகுறது இது ஒண்ணுதான்.

எங்களுக்கு ஒரே ஃபோல்டர்ல இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில்னு எல்லாம் வந்து விழும், பிடிஎஃப் தனி, ஃபோட்டோ தனி, எக்ஸெல் தனின்னு பிரிக்கணும். முதல்ல நான் பேரோட கடைசி நாலு எழுத்தை வெட்டி எடுத்து டாட் பிடிஎஃப்பான்னு பாத்துட்டிருந்தேன். ஓடுச்சு. அப்புறம் ஜேபெக் வந்துச்சு, புள்ளியோட சேத்தா அஞ்சு எழுத்து, கணக்கு கெட்டுப்போச்சு. எண்ட்ஸ்வித்ல இந்த எண்ணுற வேலையே இல்ல, ஸ்ட்ரிங் காலியா இருந்தாக்கூட எரர் அடிக்காம சமத்தா ஃபால்ஸ் சொல்லும்.

ஆனா முதல் மாசமே ஒரு அடி வாங்குனேன். பிடிஎஃப் ஆர் ஜேபிஜின்னு ப்ராக்கெட்டுக்குள்ள நடுவுல அல்லதுன்னு அர்த்தம் வர்ற ஒரு ஆர் போட்டு எழுதிட்டேன், வாயால சொல்றப்போ அப்படித்தானே சொல்றோம். பைத்தான் அந்த ஆர்-ஐ முதல்ல முடிச்சுட்டு பிடிஎஃப்ப மட்டும் கையில வச்சுக்கும், ஜேபிஜிய திரும்பிக்கூடப் பாக்காது, எரரும் வராது. ஃபோட்டோ எல்லாம் ஃபோல்டர்லயே கிடக்கு, நான் ஃபோட்டோவே வரலன்னு பார்ட்டிக்கு ஃபோன் போட்டுக் கேட்டுட்டிருக்கேன். ரெண்டு மூணு முடிவு வேணும்னா டியூப்பிளாத்தான் குடுக்கணும், அதாவது வளைஞ்ச ப்ராக்கெட். சதுர ப்ராக்கெட் போட்டு லிஸ்டா குடுத்தா டைப் எரர் அடிக்கும். எரர் அடிக்கிறது எவ்ளோ நல்ல குணம்னு அப்போதான் புரிஞ்சுது.

ஸ்கேனர் அனுப்புற ஃபைல் எல்லாம் பெரிய எழுத்து பிடிஎஃப், இது சின்ன எழுத்தைத்தான் தேடும், அதனால எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்குற லோயர் போட்டுட்டுத்தான் கேக்கணும். இது எல்லாரும் சொல்றதுதான். யாரும் சொல்லாதது நியூலைன். டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்து வரி வரியா படிச்சா ஒவ்வொரு வரி கடைசியிலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கிட்டு வரும். ஸ்க்ரீன்ல ப்ரிண்ட் பண்ணிப் பாத்தா டாட் பிடிஎஃப்னு அழகா நிக்குது, எண்ட்ஸ்வித் ஃபால்ஸ்ங்குது, ஒரு சாயங்காலம் முழுக்க நான்தான் லூசாயிட்டேன்னு நெனச்சேன். மறைஞ்சிருக்கிற எழுத்தையும் காட்டுற ரெப்ர் போட்டுப் பாருங்க, பேய் தெரியும். அப்புறம் ஸ்ட்ரிப் போட்டா அது ஓடிடும்.

ஸ்ட்ரிப்னதும் ஞாபகம் வருது. பேர்ல இருந்து டாட் பிடிஎஃப்ப கழட்ட ஆர்ஸ்ட்ரிப் யூஸ் பண்ணேன், ரொம்ப நாள் ஒழுங்காத்தான் ஓடுச்சு. அது வார்த்தையக் கழட்டாதாம், நாம குடுத்த புள்ளி, பி, டி, எஃப் இதுல எது கடைசியில இருந்தாலும் வரிசையா தின்னுக்கிட்டே போகுமாம். அப்ரூவ்ட்னு முடியுற ஃபைல் எல்லாம் கடைசி டியும் போய் அப்ரூவ்னு ஆயிடுச்சு. முடிஞ்ச வேலைய மேனேஜர் இன்னும் அப்ரூவ் பண்ணணுமாக்கும்னு வரிசையா திறந்து பாத்துட்டிருக்கார், அவர்ட்ட போய் ஒரு எழுத்துதான் சார்னு எப்படிச் சொல்றது. சரியான ஆள் ரிமூவ்சஃபிக்ஸ், 2020-ல வந்த பைத்தான் 3.9-ல இருந்துதான் இருக்கு. எங்க ஆபீஸ் மெஷின் விண்டோஸ் 7, அதுல 3.8-க்கு மேல ஏறாது. அதனால எண்ட்ஸ்வித் ட்ரூ சொன்னா மட்டும் கடைசி நாலை வெட்டுன்னு பழைய வழிக்கே போனேன்.

இன்னொண்ணு, காலி ஸ்ட்ரிங்ல முடியுதான்னு கேட்டா எல்லாத்துக்கும் ட்ரூதான். கணக்குப்படி சரிதான், ஆனா முடிவு எல்லாத்தையும் ஒரு சிஎஸ்வில, அதாவது கட்டம் கட்டமா இருக்குற ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்து எடுத்தேன், அதுல ஒரு கட்டம் காலி, ஃபோல்டர்ல இருந்த அத்தனையும் ஒரே இடத்துக்கு ஷிஃப்ட் ஆயிடுச்சு. அத பிரிச்சு வச்சது கையாலதான். மறக்காதீங்க, இது பேரைத்தான் பாக்கும், உள்ள என்ன இருக்குன்னு பாக்காது, ஒருத்தர் ஃபோட்டோவுக்கு பிடிஎஃப்னு பேர மாத்தி அனுப்புனாரு, எண்ட்ஸ்வித் வணக்கம் சொல்லி உள்ள விட்டுச்சு.

இவ்ளோ நாள் ஆனப்புறம் எல்லாம் தெரியும்னு இருந்தேன், போன பொங்கலுக்குத் தமிழ்ல மாட்டுனேன். எங்க சித்தப்பா ஊர்க்காரங்க பொங்கல் விழாவுக்கு லிஸ்ட் போடுவாரு, எல்லாம் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம். குளம்னு முடியுற ஊர் எத்தன, ஊர்னே முடியுற ஊர் எத்தனன்னு ஒரு க்விஸ் வைக்கலாம்னு ஸ்க்ரிப்ட் எழுதுனேன். சாத்தான்குளம், விளாத்திகுளம் எல்லாம் டக்குனு வந்துச்சு. ஊர்ல முடியுறது பூஜ்யம்.

“ஏட்டி, திருச்செந்தூர்க்காரன் ஒருத்தன் கூடவா இல்ல?”

“இருக்காங்க சித்தப்பா, கம்ப்யூட்டர்தான் இல்லங்குது.”

காரணம் என்னன்னா, நம்ம கண்ணுக்குத்தான் திருச்செந்தூர் ஊர்ல முடியுது, உள்ள அது த, அதுக்கு மேல ஊகாரக் குறி, அப்புறம் ர, அப்புறம் புள்ளி. ஊங்கிற உயிரெழுத்தே அதுல இல்ல. அதே மாதிரி அவன்ங்கிறது ன-வுல முடியுதான்னு கேட்டா ஃபால்ஸ், ஏன்னா கடைசி ஆள் புள்ளி. ஆனா கிளி க-வுல ஆரம்பிக்குதான்னு ஸ்டார்ட்ஸ்வித்த கேட்டுப் பாருங்க, ட்ரூங்கும், குறி பின்னாடிதானே வருது. தலைப் பக்கம் தாராளம், வால் பக்கம் கறார். எத்தன எழுத்துன்னு எண்ணுற லென்ன தமிழ் எழுத்துல போட்டா வர்ற நம்பரும் இப்படித்தான், தமிழ்ங்கிற வார்த்தைக்கு அஞ்சு.

ஊகாரக் குறியோட தேடுனதும் வீரவநல்லூர், திருச்செந்தூர் எல்லாரும் வந்து உக்காந்தாங்க. கோவில்ல முடியுறதுல மட்டும் ரெண்டு சங்கரன்கோவில் விட்டுப்போச்சு, பாக்க அச்சு அசலா ஒரே மாதிரி. யாரோ அனுப்புன ஃபைல்ல கோ-வோட குறி ஒத்த எழுத்தா இல்லாம ஏகாரமும் காலுமா ரெண்டா உடைஞ்சு இருந்துச்சு, பைத்தானோட யூனிகோட்டேட்டா மாட்யூல்ல, உடைஞ்ச குறிய ஒட்டுறதுக்கு நார்மலைஸ்ல என்எஃப்சி போட்டதும் சேந்துக்கிச்சு. ஜெயிச்ச சந்தோஷத்துல சித்தப்பாட்ட காட்டுனேன். அவரு கண்ணாடிய ஏத்திக்கிட்டு ஃபுல் லிஸ்ட்டையும் விரல வச்சு எண்ணிட்டு, “அப்ப கோயில்னு எழுதுனவன் எங்கட்டி?”ன்னாரு.

டியூப்பிள்ல அதையும் சேத்துட்டேன்.