ரிசார்ட்டா, கடலோர வில்லாவா: சின்னக் கடற்கரைக் கல்யாணத்துக்கு எது தோது?

தங்கை கல்யாணத்தை வெப்பமண்டலக் கடற்கரை ஒன்றில், நெருங்கிய சொந்தமும் நண்பர்களுமாக நாற்பது பேருக்குள் நடத்துவது என்று வீட்டில் முடிவானதும் ஏற்பாடு முழுக்க என் தலையில் விழுந்தது. எவ்வளவுதான் தேடினாலும் கடைசியில் இரண்டே வழிதான் மிஞ்சுகிறது. ஒன்று, கடற்கரை ரிசார்ட்டில் கல்யாண பேக்கேஜ் எடுப்பது. இன்னொன்று, கடலை ஒட்டிய ஒரு வில்லாவைச் சில நாட்களுக்கு மொத்தமாக வாடகைக்கு எடுத்து, ஆட்களை நாமே பிடித்து நடத்துவது. நாங்கள் வில்லாவை எடுத்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரிசார்ட்டில் நாற்காலி, பூ வளைவு, மைக், கேக், சடங்கு நடத்தி வைப்பவர் எல்லாம் ஒரே பில்லில் வந்துவிடும். பேச ஒரே ஆள். வில்லாவில் தனிமை கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆளோடு பேச வேண்டும். செலவில் வில்லாதான் மலிவு என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பேக்கேஜின் ஆரம்ப விலை குறிப்பிட்ட தலைக்கணக்குக்குத்தான். அதற்கு மேல் ஒவ்வொரு தலைக்கும், வெளியிலிருந்து கூட்டி வரும் போட்டோகிராபருக்கும் தனிக் கட்டணம் ஏறும். வில்லாவில் ஜெனரேட்டர், வாடகை நாற்காலி, சுத்தம் செய்யும் ஆட்கள், டெபாசிட் என்று அதே அளவுக்கு ஏறும். இரண்டையும் கூட்டிப் பார்த்தபோது செலவை வைத்து முடிவெடுக்கும் அளவுக்கு எங்களுக்கு வித்தியாசம் வரவில்லை.

சட்டப் பதிவிலும் பெரிய வேறுபாடு இல்லை. பல நாடுகளில் மணலில் நடக்கும் சடங்கு வேறு, பதிவு வேறு. தாய்லாந்தில் கடற்கரையில் எவ்வளவு விமரிசையாக நடத்தினாலும் மாவட்ட அலுவலகத்தில் பதிந்தால்தான் சட்டப்படி கல்யாணம். அதனால் பதிவை ஊரிலேயே முடித்துவிட்டுச் சடங்கை மட்டும் கடற்கரையில் வைத்துக்கொள்பவர்கள் நிறைய. நாங்களும் அதைத்தான் செய்தோம். ரிசார்ட்காரர்கள் 'பேப்பர் வேலை எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் பெரிய சலுகை இதோடு அர்த்தமிழந்து போகிறது.

எதை எடுத்தாலும் மாதத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். நாட்டின் பெயரை மட்டும் பார்த்து மாதத்தை முடிவு செய்யாதீர்கள், கரையைப் பாருங்கள். இலங்கையின் தென்மேற்குக் கரைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். திருகோணமலை, பாசிக்குடா உள்ள கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை. தாய்லாந்தில் புக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழை, கோ சமுய் தீவிலோ அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் அதிகம். பாலியில் நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். கரீபியனில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அரூபா, குராசாவ் போன்ற தெற்குத் தீவுகள் புயல் வழக்கமாகப் போகும் பாதைக்கு வெளியே இருப்பதால் அங்கே கவலை குறைவு. வாடகை திடீரென்று இறங்கியிருக்கும் மாதத்தைக் கண்டால் சந்தோஷப்படுவதற்கு முன் வானத்தைப் பற்றி விசாரியுங்கள்.

இனி நான் வில்லாவை எடுத்ததற்கான காரணம். அது மழைதான்.

நல்ல சீசனில்கூட மழை வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. ஆனால் வெப்பமண்டல மழைக்கு ஒரு குணம் உண்டு. வெயில் ஏறி நிலம் சூடாகும், ஈரக்காற்று மேலே போகும், மதியத்துக்கு மேல் மேகம் திரளும், ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் பல நேரம் அரை மணி, முக்கால் மணியில் விட்டுவிடும். அடைமழை, புயல் சின்னம் எல்லாம் வேறு கதை. நல்ல சீசனில் நம்மைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் இந்தச் சின்ன மழைதான். மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு நேரம் ஒதுங்கி நிற்கலாம் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ரிசார்ட்டும் வில்லாவும் பிரிகிற இடம் அதுதான்.

நான் வாங்கிப் படித்த ரிசார்ட் ஒப்பந்தங்களில் மழையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. சடங்கு மணலிலா, உள்ளேயா என்பதை இத்தனை மணி நேரத்துக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஒன்றில் நான்கு மணி நேரம். இன்னொன்றில் காலை பத்து மணிக்கே. முடிவெடுப்பவர் ஈவன்ட் மேனேஜர், நாம் இல்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாற்காலி, பூ, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ரிசார்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாற்ற ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அதோடு நமக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக்கு ஸ்லாட் கொடுத்திருப்பார்கள், நம்மை அரை மணி தள்ளினால் அவர்களையும் தள்ள வேண்டும். விளைவு என்னவென்றால், மதியம் ஒரு மணிக்குக் கருத்த மேகத்தைப் பார்த்து 'உள்ளே' என்று முடிவு செய்திருப்பார்கள். ஐந்து மணிக்கு வெளியே பளிச்சென்று வெயில் அடிக்கும். கல்யாணமோ ஏசி ஹாலில் நடந்துகொண்டிருக்கும். நாங்கள் போய்ப் பார்த்த ஒரு மாற்று ஹாலில் ஜன்னலே இல்லை. அலுவலகக் கூட்டம் நடத்தும் இடம். கடலுக்காக விமானம் ஏறி வந்தவர்களை அங்கே உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

வில்லாவில் மணலுக்கும் வராந்தாவுக்கும் இடையே கூப்பிடு தூரம்தான். நாற்பது நாற்காலியை ஆறேழு பேர் கைமாற்றி உள்ளே கொண்டுவந்துவிடலாம், அதே போல வெளியேயும். பின்னால் யாரும் வரிசையில் நிற்கவில்லை. அதனால் முடிவைக் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போட முடிகிறது.

எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. நான்கு மணி வாக்கில் மழை பிடித்தது. நாற்காலிகள் உள்ளே வந்தன, வளைவை மட்டும் தூக்க முடியாமல் விட்டுவிட்டோம். எல்லோரும் வராந்தாவில் தூண்களில் சாய்ந்தும் படியில் உட்கார்ந்தும் பேசிக்கொண்டிருந்தார்கள். போட்டோகிராபர் அந்த நேரத்தில் எடுத்த படங்கள்தான் ஆல்பத்தில் எல்லோரும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. ஐந்தே காலுக்கு விட்டது. குளியலறையிலிருந்த துண்டுகளையெல்லாம் எடுத்து நாற்காலிகளைத் துடைத்தோம். வளைவில் சுற்றியிருந்த மெல்லிய துணி தண்ணீர் குடித்துக் கனத்துத் தொங்கியது. இருவர் அதை அவிழ்த்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழிந்து, மறுபடியும் கட்டினார்கள். காற்றில் அது காய்ந்து படபடக்கத் தொடங்குவதற்குள் சடங்கு ஆரம்பித்துவிட்டது. நனைந்த மணல் இறுகியிருந்ததால் நாற்காலிக் கால் புதையவில்லை என்பது கூடுதல் லாபம்.

இதற்காக வில்லா பார்க்கப் போகும்போது படுக்கையறைகளை விட வராந்தாவை அதிக நேரம் பாருங்கள். எத்தனை நாற்காலி கொள்ளும் என்று மனக்கணக்குப் போடாமல், டேப்பை வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்று வைத்து, அதுபோக நடுவில் நடக்க வழி விடுங்கள். கடலைப் பார்த்த வராந்தா மட்டும் இருந்தால் போதாது. காற்றோடு சேர்ந்து வரும் சாரல் அதில் நேராக உள்ளே அடிக்கும். இரண்டு பக்கமாவது கூரை திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருட்டி இறக்கும் திரையாவது வேண்டும். 'டென்ட் போட்டுக்கொள்ளலாம் சார்' என்பார்கள். உலர்ந்த மணலில் சாதாரண முளை நிற்காது. மணல் மூட்டையோ தண்ணீர் நிரப்பிய டிரம்மோ கட்டி இழுத்தால்தான் டென்ட் நிற்கும், கடற்காற்று பலமாக அடித்தால் அதற்கும் உத்தரவாதம் இல்லை.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. பூமத்திய ரேகைப் பக்கம் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், மறைந்த இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெளிச்சம் போய்விடும். அந்தி நீளும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது. சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் சடங்கைக் குறித்தால், அரை மணி தள்ளினாலும் வெளிச்சம் மிச்சமிருக்கும். கடற்காற்றும் மதியத்தில் பலமாக அடித்து, சாயங்காலம் ஆக ஆகத் தணியும். மைக்கில் இரைச்சல் குறையும்.

இரண்டாவது எல்லை கடல் ஏற்றம். இதில் ரிசார்ட்டுக்கு ஒரு மார்க் கொடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் எந்த நாளில் மணல் எவ்வளவு மிஞ்சும் என்று அங்கே உள்ளவர்களுக்கு மனப்பாடம். வில்லாவில் நாம்தான் அட்டவணை பார்க்க வேண்டும். ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பின்னால் நகரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றம் அதிகம், வற்றமும் அதிகம். நிலா வெளிச்சம் வேண்டும் என்று பௌர்ணமியைக் குறிப்பவர்கள் உண்டு. சில கரைகளில் அன்று சாயங்காலம் நாற்காலி போட மணலே இருக்காது. கரீபியனில் ஏற்றவற்ற வித்தியாசம் பொதுவாக அரை மீட்டருக்குள் அடங்கிவிடும், கவலையில்லை. புக்கெட், கிராபி இருக்கும் அந்தமான் கடல் பக்கம் அது இரண்டு மீட்டரைத் தாண்டும். ஆழமில்லாத விரிகுடாக்களில் வற்றத்தின்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, படத்தில் பார்த்த நீலக்கடல் இருந்த இடத்தில் சேறும் பாறையும் தெரியும்.

சரி, வில்லாவின் சிரமங்களையும் சொல்ல வேண்டும். முதலில், தங்குவதற்கு அனுமதி வேறு, நிகழ்ச்சி நடத்த அனுமதி வேறு. உரிமையாளரிடம் ஆள் எண்ணிக்கையும் பாட்டை நிறுத்தும் நேரமும் எழுத்தில் இருக்கட்டும். இரண்டாவது, கழிவறை. பத்துப் பேருக்குக் கட்டிய வீட்டில் நாற்பது பேர் ஒரு சாயங்காலம் முழுக்க இருந்தால் செப்டிக் டேங்க் தாங்குமா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். மூன்றாவது, மின்சாரம். எல்லா ஏசியும் ஓட, ஸ்பீக்கரும் விளக்கும் அதே லைனில் போனால் டிரிப் ஆகிவிடும். ஸ்பீக்கருக்கு ஜெனரேட்டரிலிருந்து தனி லைன் இழுத்தது எங்களுக்கு உதவியது. ஆமை முட்டையிடும் கரையாக இருந்தால் அந்தப் பருவத்தில் கடலைப் பார்த்த விளக்குக்குத் தடை இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், உள்ளூரில் வேலை தெரிந்த ஒருங்கிணைப்பாளர் ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். கல்யாண நாளன்று ஜெனரேட்டர்காரர் போனை எடுக்காவிட்டால் மணப்பெண்ணின் அண்ணன் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

'பிரைவேட் பீச்' என்று இரண்டு பக்கமும் சொல்வார்கள். பல நாடுகளில் கரை பொதுச்சொத்து. மெக்சிகோவில் கரையோரம் 20 மீட்டர் அகலத்துக்கு அரசு நிலம். ஹவாயில் கடற்கரை எல்லோருக்கும் பொது, வணிகரீதியாகக் கல்யாணம் நடத்தித் தருபவர்கள் அனுமதி வாங்க வேண்டும். ஆகவே யார் வேண்டுமானாலும் நம் படத்துக்குள் நடந்து போகலாம், கோபப்பட முடியாது.

நான் சொல்வதெல்லாம் நாற்பது பேர் கணக்கு. எழுபது, எண்பது பேர் என்றால் எந்த வராந்தாவும் போதாது, நாற்காலிகளைக் கைமாற்றி ஒதுங்குவதும் நடக்காது. அப்போது ரிசார்ட் பக்கம்தான் போவேன் என்று நினைக்கிறேன், ஆனால் அதை நடத்திப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. சக்கர நாற்காலியில் வருபவர்கள் இருந்தால் சாய்தளம், லிஃப்ட், அருகிலேயே அறை என்று ரிசார்ட் தெளிவாக மேல். புயல் எச்சரிக்கை வந்து தேதியையே மாற்ற வேண்டி வந்தால், பல அறைகள் உள்ள ரிசார்ட்டில் வேறு தேதி கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரே வீடான வில்லாவில் அடுத்த வாரம் வேறு யாரோ தங்கியிருப்பார்கள். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை, அதனால் அந்த நேரத்தில் யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்று அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ரிசார்ட்டே எடுப்பதென்றால் அன்றைய கடைசி ஸ்லாட்டைக் கேளுங்கள். பின்னால் ஜோடி இல்லாவிட்டால் அவர்களுக்கும் அவசரம் இல்லை. மழை முடிவுக்கான நேரத்தையும் பேரம் பேசலாம். கூட்டம் சின்னது என்று சொன்னதும் ஒரு ரிசார்ட்டில் நான்கு மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாக்கித் தர ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பதில் வருவதற்குள் நாங்கள் வில்லாவுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தோம்.