மரபுவழிப் புற்றுநோய்ப் பரிசோதனைச் சேவை: விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருப்பதே அதன் பலம்

மரபுவழிப் புற்றுநோய்க்கான மரபணுப் பரிசோதனையைப் பல ஆய்வகங்கள் இன்று சர்க்கரைப் பரிசோதனையைப் போலவே விற்கின்றன. எங்கள் குடும்பம் பயன்படுத்திய சேவையின் இணையதளமும் அப்படித்தான் பேசுகிறது: எண்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள், ஒரு குழாய் இரத்தம், சில வாரங்களில் அறிக்கை. பரிசோதனைக்கு முன்பும் பின்பும் மருத்துவ மரபியலாளர் ஒருவருடன் ஆலோசனை உண்டு என்பதைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரி இல்லையென்றால் இந்தச் சேவைக்கும் மற்றவற்றுக்கும் பெரிய வேறுபாடு இருந்திருக்காது.

என் அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்தது. தாய்வழித் தாத்தாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருந்தது. பெரியம்மா வயிற்றுக் கட்டியால் இறந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எனக்கு வருமா என்று தெரிந்துகொள்ளவே நான் பதிவு செய்தேன். ஆலோசனை தந்த மருத்துவர் மரபுவழிப் புற்றுநோயிலும் குழந்தைகளுக்கு வரும் அரிய மரபணு நோய்களிலும் நீண்டகாலம் ஆராய்ச்சி செய்தவர். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்குக் கோடு என்று மூன்று தலைமுறையை ஒரு தாளில் வரைந்துகொண்டே அவர் கேட்டவை, பதிவுப் படிவத்தில் எங்கும் இல்லாத கேள்விகள். யாருக்கு என்ன நோய் என்பதோடு நிறுத்தாமல், எந்த வயதில் கண்டறியப்பட்டது என்பதை ஒவ்வொருவருக்கும் கேட்டார். பெரியம்மாவின் ‘வயிற்றுக் கட்டி’யை அப்படியே எழுதிக்கொள்ள மறுத்து, பழைய மருத்துவமனைச் சுருக்கத்தைத் தேடி எடுத்து அனுப்பச் சொன்னார், அதில் இருந்தது சினைப்பைப் புற்றுநோய். மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் ஒரே குடும்பத்தில் வருவது மரபுவழிக்கான குறி என்பதால், அதன் பிறகு கணக்கே மாறிவிட்டது.

இன்னொரு கேள்வி அப்போது எனக்குத் தொடர்பற்றதாகத் தோன்றியது. குடும்பத்தில் சிறுவயதிலேயே இரத்த அணுக்கள் குறைந்துபோன குழந்தை, கட்டைவிரல் சரியாக வளராத குழந்தை, இரத்த உறவில் நடந்த திருமணம் ஏதாவது உண்டா என்று கேட்டார். பிஆர்சிஏ2 மரபணுவின் ஒரு பிரதி பழுதடைந்திருந்தால் அது வளர்ந்தவர்களுக்குப் புற்றுநோய் அபாயம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்தால் குழந்தைக்கு அவர் கேட்ட அந்த அறிகுறிகளைக் காட்டக்கூடிய ஃபான்கோனி இரத்தசோகை என்னும் அரிய நோய் வருகிறது. இந்தத் தொடர்பு 2002-இல் கண்டறியப்பட்டது. பால்பி2 மரபணுவும் இப்படிப்பட்டதே. ஏடிஎம் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் நடை தள்ளாடும் வேறொரு அரிய நோய் வருகிறது. புற்றுநோயையும் அரிய நோய்களையும் ஒருசேர ஆராய்ந்த ஒருவரின் அனுபவம் நோயாளிக்கு எந்த வகையில் பயன்படுகிறது என்பதை இந்த ஒரு கேள்வியிலேயே கண்டுகொள்ளலாம்.

பிறகு அவர் என் பதிவை நிறுத்திவைத்தார். முதலில் பரிசோதிக்கப்பட வேண்டியவர் நோயுற்ற அக்காதான். அவரிடம் என்ன மரபணு மாறுபாடு இருக்கிறது என்று தெரியாமல் என்னிடம் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்தால், அதை நம்பி நிம்மதியடையவும் முடியாது, கவலைப்படவும் முடியாது என்றார். விற்பனையை ஒத்திப்போடும் இந்த அறிவுரை இணையதளத்தில் இல்லை. பணம் கட்டும் பக்கம் யார் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறது. ஆலோசனையைத் தவிர்த்துவிட்டு நேரடியாகப் பரிசோதனையைப் பதிவு செய்யும் வசதியையும் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிடுவது நல்லது.

ஆய்வகத்தின் தரத்தில் எனக்குக் குறை இல்லை. டிஎன்ஏ வரிசையில் ஓரிரு எழுத்து மாறிய இடங்களை மட்டும் தேடாமல், மரபணுவின் பெரும்பகுதி விடுபட்டுப்போன அல்லது இரட்டித்த மாறுபாடுகளையும் தேடியதாக அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. பிஎம்எஸ்2 மரபணுவுக்கு அதைப்போலவே தோற்றமளிக்கும் செயலற்ற நகல் ஒன்று இருப்பதால், அந்தப் பகுதியை எந்த முறையில் சரிபார்த்தார்கள் என்பதும் தனிக்குறிப்பாக இருக்கிறது. மலிவான சேவைகள் பல இந்த இடத்தில் மௌனமாகிவிடுகின்றன. இத்தனை மரபணுக்களை ஒரே பட்டியலில் பார்க்க முடிவதே சமீபத்திய வசதிதான். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ1 மரபணு இருக்கும் இடம் 17-ஆம் குரோமோசோமில் என்று அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் குழுவினர் 1990-இல் காட்டினர். மரபணு 1994-இல் பிரித்தெடுக்கப்பட்டது, பிஆர்சிஏ2 அடுத்த ஆண்டு. அமெரிக்காவில் ஒரே நிறுவனம் காப்புரிமை கொண்டு இந்தச் சோதனையைத் தன்வசம் வைத்திருந்த நிலை, இயற்கையான டிஎன்ஏவுக்குக் காப்புரிமை கிடையாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்த பிறகே மாறியது.

அக்காவின் அறிக்கையில் இரண்டு முடிவுகள் வந்தன: பிஆர்சிஏ2-வில் நோய் விளைவிக்கும் மாறுபாடு, ஏடிஎம்-இல் பொருள் இன்னும் உறுதியாகாத மாறுபாடு. 2015-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதலின்படி மாறுபாடுகளை, நோய் விளைவிப்பது முதல் தீங்கற்றது வரை, ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். இவ்விரண்டில் முதலாவது ஒரு முனையிலும் இரண்டாவது நடுவிலும் நிற்கின்றன. ஆனால் அறிக்கையின் முதல் பக்கம் இரண்டையும் ஒரே அட்டவணையில், ஒரே சிவப்பு நிறத்தில் அச்சிட்டிருக்கிறது. இதை வடிவமைத்தவர் அச்சத்தோடு காகிதத்தைப் பிரிக்கும் ஒருவரை நினைத்துப் பார்க்கவே இல்லை. இரண்டு பழுதுகள் என்றே அக்காவும் அத்தானும் ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது ஆலோசனையில்தான் மருத்துவர் அதைப் பிரித்துச் சொன்னார்: உறுதியாகாத மாறுபாட்டை வைத்துச் சிகிச்சை முடிவு எதையும் எடுக்கக் கூடாது, உறவினர்களிடம் அதைத் தேடவும் கூடாது, இப்படிப்பட்டவற்றில் பின்னாளில் வகை மாற்றப்படுபவை பெரும்பாலும் தீங்கற்றவையாகவே முடிகின்றன.

எண்களை அவர் கையாண்ட விதமும் குறிப்பிடத்தக்கது. பிஆர்சிஏ2-வில் இத்தகைய மாறுபாடு உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 69 விழுக்காடு, சினைப்பைப் புற்றுநோய்க்குச் சுமார் 17 விழுக்காடு என்று 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கணித்திருக்கிறது. அறிக்கை இதை அப்படியே தருகிறது. மருத்துவரோ அதை அக்காவின் இன்றைய வயதுக்கும் அவர் ஏற்கெனவே பெற்ற சிகிச்சைக்கும் ஏற்பப் பிரித்து, சினைப்பை அகற்றும் அறுவை சிகிச்சையைப் பற்றி எப்போது பேச வேண்டும், புற்றுநோய்ச் செல்கள் தம் டிஎன்ஏ பழுதைச் சரிசெய்வதைத் தடுக்கும் ‘பார்ப்’ தடுப்பு மருந்துகள் யாருக்கு உதவும் என்று கால வரிசையில் விளக்கினார்.

அதன்பின் எனக்கும் அண்ணனுக்கும் அந்த ஒரு மாறுபாட்டை மட்டும் தேடினார்கள். உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு இல்லை, அண்ணனுக்கு இருக்கிறது. விளம்பரப் படங்களில் ஒரு ஆண்கூட இல்லாததால் அண்ணன் முதலில் வர மறுத்தார். புராஸ்டேட், கணையம், அரிதாக ஆண்களின் மார்பகம் ஆகியவற்றிலும் இந்த மாறுபாடு அபாயத்தைக் கூட்டுகிறது என்பதையும், அவருடைய மகள்களுக்கும் இது போயிருக்கக்கூடும் என்பதையும் மருத்துவரே தொலைபேசியில் சொல்லி அவரை வரவழைத்தார். இதை வாடிக்கையாளர் சேவை என்று வகைப்படுத்துவதா என்று தெரியவில்லை. பெரிய மதிப்பெண் அதற்குத்தான்.

குறைகளில் முக்கியமானது ஒப்புதல் படிவம். பரிசோதனைக்கான சம்மதத்தையும் தரவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தும் சம்மதத்தையும் ஒரே கையொப்பத்தில் வாங்கிவிடுகிறார்கள். ஆராய்ச்சிக்குத் தருவதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் மரபுவழி நிலையான லிஞ்ச் நோய்க்குறி உள்ள 861 பேர் பங்கேற்ற சோதனையில், ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைந்ததை பிரிட்டிஷ் மரபியலாளர் ஜான் பர்ன் குழுவினர் நிறுவ முடிந்தது, அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததால்தான். 2020-இல் அந்த நீண்டகால முடிவு வெளியானது. ஆனால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதை மற்றொன்றோடு ஒட்டி வாங்குவது முறையன்று. அறிக்கை வந்த மறுநாளே அரிய நோய்களுக்கான கூடுதல் சோதனையை வாங்கச் சொல்லி வந்த குறுஞ்செய்திகளும் எரிச்சலூட்டின. அது எங்களுக்குத் தேவையில்லை என்று அவர்களுடைய மருத்துவரே எழுதித் தந்திருந்தார்.

குடும்பத்தில் இளவயதுப் புற்றுநோயோ, ஒரே பக்கத்தில் பலருக்கு நோயோ இருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஆலோசனையை முதலில் பதிவு செய்யும் நிபந்தனையோடு. புற்றுநோய்களில் ஐந்து முதல் பத்து விழுக்காடே மரபுவழியாக வருபவை என்பதால், வெறும் ஆர்வத்துக்காகப் பணம் கட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் உறுதியாகாத மாறுபாடு ஒன்றும் தூக்கமின்மையுமே மிஞ்சும். அக்காவின் ஏடிஎம் முடிவு பின்னாளில் வகை மாறினால் ஆய்வகம் தானாகத் தெரிவிக்காது, நாங்கள்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள். அந்த மறுஆய்வுக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கியிருக்கிறோம்; பதிவு செய்பவர்கள் அதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.