மூன்று வருஷ டிஃப்யூசரும் சொட்டாத குப்பியும்

போன வாரம்தான் டிஃப்யூசருக்கு, அதாவது தண்ணீரில் சொட்டு விட்ட வாசனை எண்ணெயை ஆவியாக விடும் மிஷினுக்கு, ஆவி கிளப்பும் தகடு புதுசாகப் போட்டு வாங்கி வந்தேன். மேஜையில் அது ஆவி விடுவதைப் பார்த்த நண்பன், "நல்லாத்தான் இருக்கு, நானும் ஒண்ணு வாங்கட்டுமாடா?" என்றான். சட்டென்று பதில் வரவில்லை.

மிஷின் மேல் குறை சொல்ல மாட்டேன். சத்தமில்லை, தண்ணீர் தீர்ந்தால் தானே நின்றுவிடும். தகடு போனதும் என் தப்புதான். எண்ணெய்ப் பிசுக்கு படியப் படிய ஆவி இளைத்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டியதை நகத்தால் சுரண்டிவிட்டேன்.

என் கோபமெல்லாம் எண்ணெய்க் குப்பியின் வாயில் செருகியிருக்கும் அந்த பிளாஸ்டிக் டிராப்பர் மேல்தான். கவிழ்த்தால் ஒன்றும் வராது. பொறுமையிழந்து உதறினால் ஐந்தாறு சொட்டு சேர்ந்து விழும். 100 மி.லி. தண்ணீருக்கு எனக்கு நாலு சொட்டு தாராளம். ஒன்பது விழுந்த ராத்திரி தலைவலியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வருஷம் கழித்துத்தான் கண்ணில் பட்டது, நடுத்துளைக்குப் பக்கத்தில் பொடியாக இன்னொரு துளை, காற்றுக்காக. அது மேல்பக்கம் வருகிற மாதிரி சாய்த்தால் சொட்டு சீக்கிரம் வரும், கீழ்ப்பக்கம் வந்தால் நிதானமாக. எலுமிச்சை எண்ணெய் தண்ணீராக ஓடும், அதற்குத் துளை கீழ்ப்பக்கம். சந்தனம் கெட்டி, அதற்கு மேல்பக்கம். லேபிளில் இதை ஒரு வரி போட்டால் என்னவாம்?

வெறும் வாசனைக் கணக்கென்றால் விட்டிருப்பேன். உடம்பில் தடவ 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு 12 சொட்டு, ஏறக்குறைய 2 சதவீதம். ஒரு நாள் உதறியதில் டீ ட்ரீ எண்ணெய் எதிலும் கலக்காமல் அப்படியே மணிக்கட்டில் தெறித்தது. திறந்து இரண்டு வருஷமான குப்பி வேறு, காற்றுப் பட்டுப் பழசானால் அது தோலை இன்னும் சீண்டும். குழாயடியில் காட்டிக்கொண்டே நின்றேன், எரிச்சல் குறையவில்லை. எண்ணெய் எங்கே தண்ணீரில் கரையப்போகிறது? தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்பு போட்டபிறகுதான் அடங்கியது.

இத்தனையும் திட்டிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். அக்கா பையனுக்கு மூன்று வயசு. நான் மூட மறந்த யூகலிப்டஸ் குப்பியை எடுத்து அண்ணாந்து வாயில் கவிழ்த்துக்கொண்டு நின்றான். அந்த எண்ணெய் சில மி.லி. உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். ஒரு சொட்டுகூட விழவில்லை, உதடு காய்ந்தே இருந்தது. அன்றிலிருந்து குப்பிகள் எல்லாம் பூட்டு போட்ட அலமாரியில்.

நண்பனிடம் வாங்காதே என்றேன். அவன் வீட்டில் இரண்டு பூனைகள். இந்த எண்ணெய்களில் பலவற்றைப் பூனையின் ஈரலால் சரியாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது, டீ ட்ரீ அதற்கு விஷம்.

"அப்போ நீ மட்டும் எதுக்குடா காசு குடுத்து ரிப்பேர் பண்ணின?"

லாவெண்டர் குப்பியை எடுத்துச் சாய்த்தேன். வரவில்லை.